நாதஸ்வரம், மல்யுத்தம், குல்ஃபி!

ஒரு சின்னப் பரீட்சை, வாசகர்களே! ஓர் ஆசாமியைப் பற்றி மூன்று தகவல்கள் தருகிறேன். அவருக்குச் சங்கீதம் என்றால் நாதஸ்வரம். அதுவும் தவில் அதிர அதிர, நாலு முழ தூரத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். விளையாட்டு என்றால் மல்யுத்தம். கிரிக்கெட்டை 'வெயிலில் நிற்கிற வேலை' என்று ஒதுக்கி விடுவார். தித்திப்பு என்றால் குல்ஃபி. அது கிடைக்காத நாளில் ஜிகர்தண்டா. ஆள் எப்படி இருப்பார், சொல்லுங்கள் பார்க்கலாம்!

கடா மீசை, கழுத்தில் புலிநகச் சங்கிலி, மடித்துக் கட்டிய வேட்டி, அரிசி மண்டியில் பெரிய நாற்காலி. இப்படித்தானே நினைத்தீர்கள்? போயிற்று, நூற்றுக்குப் பூஜ்யம்!

அந்த ஆசாமி என் அத்தை. அப்பாவின் மூத்த சகோதரி. வயது 77. எடை 45 கிலோ. அதிலும் ஒரு கிலோவைக் கொண்டைக்கும் கண்ணாடிக்கும் கழித்து விடலாம். மதுரையில், மாசி வீதிகளில் ஒன்றை ஒட்டிய சந்தில், மாமா கட்டிய வீட்டில் தனியாக இருக்கிறார். பெயரைப் போடக் கூடாது என்பது உத்தரவு. "பேரைப் போட்டா தெருவுல வர்றவன் போறவன் எல்லாம் குல்ஃபி எப்பம்மா வாங்கித் தருவீங்கன்னு கேப்பான்" என்கிறார்.

அத்தையின் ஆசைகளைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதக் காரணம் உண்டு. சென்ற வருஷம் அந்த மூன்றுக்கும் ஒரே சமயத்தில் ஆபத்து வந்தது.

ஆபத்து வந்தது பகைவனிடமிருந்து அல்ல, பெற்ற பிள்ளையிடமிருந்துதான். என் மச்சான் பெங்களூரில் நல்ல உத்தியோகத்தில் இருப்பவர். தாயார் மீது உயிர். ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை என்று வந்தது, ரத்த அழுத்தமும் கொஞ்சம் மேலே, காதும் மந்தம். மச்சான் விடுமுறை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். டாக்டரைக் கேட்டார், பக்கத்து வீட்டாரைக் கேட்டார், இன்டர்நெட்டில் இரவெல்லாம் துழாவினார். கடைசியில் ஒரு திட்டம் தயார். குல்ஃபி கிடையாது. மல்யுத்தம் கிடையாது, மனசு படபடக்கும். நாதஸ்வரம் இந்த வயசுக்கு ரொம்பச் சத்தம். அதற்குப் பதில் ஒரு சின்னப் பாட்டுப் பெட்டி, அதில் தியானத்துக்கென்றே ஊதின புல்லாங்குழல். காதுக்கு ஒரு கருவி. எல்லாம் பிரியத்தினால் செய்தது. அதில் சந்தேகமே இல்லை. எல்லாரையும் கேட்டவர் ஒரே ஓர் ஆளைத்தான் கேட்கவில்லை: 'உனக்கு அதில் என்னம்மா பிடிக்கிறது?' என்று அத்தையை.

அதை நான் கேட்டேன். இரண்டு நாள் உட்கார்ந்து கேட்டேன். பத்திரிகைக்காரனுக்கு வேறென்ன வேலை!

முதலில் மல்யுத்தம். இந்த ஆசை அத்தைக்குக் காது வழியாக வந்தது. 1950களில் தாராசிங், கிங்காங் என்ற இரண்டு பெயர்களும் இந்தியா பூராவும் அடிபட்டன. கிங்காங் என்றதும் சினிமாக் குரங்கை நினைத்துக் கொள்ளும் இளைய வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: அது ஒரு பயில்வானின் பட்டப்பெயர். எமில் சாயா என்ற ஹங்கேரிக்காரர்; மலை போன்ற சரீரம். அந்த மலையைப் பஞ்சாபிலிருந்து வந்த தாராசிங் தலைக்கு மேல் தூக்கிப் போட்டார் என்பதுதான் ஊரெல்லாம் பேச்சு. அத்தையின் பெரிய அண்ணன்மார் பட்டணத்துக்குப் போய்விட்டு இந்தப் பேச்சை மூட்டை கட்டிக்கொண்டு வருவார்கள். கூடத்தில் தலையணைகளை வைத்துக்கொண்டு 'இவன் இப்படிப் பிடித்தான், அவன் அப்படிப் புரட்டினான்' என்று செய்முறை விளக்கம் நடக்கும். அப்போது எட்டு, ஒன்பது வயதுப் பெண்ணாக இருந்த அத்தைக்கு அடுக்களை வாசற்படியோடு எல்லை. 'பொம்பளப் பிள்ளைக்குச் சண்டைப் பேச்சு என்ன வேண்டிக் கிடக்கு?' என்பது பாட்டியின் சட்டம். அத்தை சட்டத்தை மீறவில்லை. அண்ணன்மார் பள்ளிக்கூடம் போன பிறகு, அதே தலையணைகளை வைத்துக்கொண்டு எல்லாப் பிடியையும் தாமே போட்டுப் பார்த்திருக்கிறார்!

1987-இல் தூர்தர்ஷனில் ராமாயணம் வந்தது நினைவிருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை காலை, டெலிவிஷன் உள்ள வீட்டில் தெருவே வந்து உட்கார்ந்துவிடும். இந்தி ஒரு சொல் புரியாது. ராமாயணம் புரிய இந்தி எதற்கு? அனுமார் முதல் முதலாகத் தோன்றினார். கூட்டம் கன்னத்தில் போட்டுக் கொண்டது. அத்தை மட்டும் எழுந்து நின்று, "அடி ஆத்தி! நம்ம தாராசிங்!" என்று கூவினாராம். உண்மைதான். அனுமார் வேஷம் போட்டவர் அதே தாராசிங்தான். சஞ்சீவி மலையைத் தூக்கியபோது, "இதென்ன பிரமாதம், கிங்காங்கையே தூக்கினவரு" என்று அத்தை அடித்த விமரிசனத்தைப் பக்தர்கள் ரசிக்கவில்லை என்று கேள்வி.

எனக்கு மல்யுத்தத்தில் அவ்வளவு சிரத்தை கிடையாது. ஆகவே கொஞ்சம் சீண்டிப் பார்த்தேன். "அத்தை, அந்தக் காலத்துக் காட்சிச் சண்டை எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு போட்டதுதானே?" என்றேன்.

அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தில்லானா மோகனாம்பாள் பாத்திருக்கியாய்யா?"

"பார்க்காமல் இருப்பேனா?"

"அதுல ஊதுனது யாரு?"

வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். இது போன்ற ஒரு வாரப் பத்திரிகையில் தொடர்கதையாக வந்து, 1968-இல் சினிமாவான கதை அது. வெள்ளித் திரையில் நாதஸ்வரத்தை உதட்டில் வைத்தவர் சிவாஜி. உண்மையில் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள்.

"நம்ம ஊருச் சகோதரர்கள் வாசிச்சாங்க. சிவாஜி கன்னத்தை உப்பினாரு. 'பொய்யி'ன்னு எவனாவது கொட்டாயை விட்டு எந்திரிச்சுப் போனானா? கூட உக்காந்து அழுதீங்கள்ல? அப்ப தாராசிங்குக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

பதில் வைத்திருக்கிறவர்கள் எனக்கு எழுதுங்கள்.

ஆனால் நிஜமான மல்யுத்தம் எது என்பதும் அத்தைக்குத் தெரியும். சுதந்திர இந்தியாவுக்கு ஒலிம்பிக்கில் தனி ஆளாக முதல் பதக்கம் வாங்கித் தந்தது மல்யுத்தம்தான், 1952-இல் ஹெல்சிங்கியில் கே. டி. ஜாதவ் என்பார். பெண்களுக்கு ஒலிம்பிக் மல்யுத்தத்தில் இடம் கிடைத்தது 2004-இல்தான். 'பொம்பளப் பிள்ளைக்குச் சண்டைப் பேச்சு என்ன?' என்ற சட்டம் உலகத்துக்கே இருந்திருக்கிறது பாருங்கள்! 2016-இல் ரியோவில் சாக்‌ஷி மாலிக் வெண்கலம் வாங்கிய செய்தி வந்த அன்று அத்தை தெருவுக்கே கேசரி கிளறிக் கொடுத்தார்.

அப்புறம் 2024 ஆகஸ்ட் 6. பாரிஸ். 50 கிலோ பிரிவில் வினேஷ் போகாட். முதல் சண்டையிலேயே எதிரே நின்றவர் ஜப்பானின் யுய் சுசாகி. டோக்கியோவில் தங்கம் வாங்கியவர், அதுவரை அயல்நாட்டார் எவரிடமும் தோற்றறியாதவர். கடைசி விநாடிகள் வரை 0-2 என்று வினேஷ் பின்தங்கி நின்றார். மூன்று நிமிஷம், அரை நிமிஷ ஓய்வு, மறுபடி மூன்று நிமிஷம். அவ்வளவுதான் ஒரு சண்டை. அந்த ஆறு நிமிஷமும் வினேஷ் ஏன் பாயாமல் காத்திருந்தார் என்பதை அத்தை எனக்கு விளக்கிய மாதிரி எந்த நிபுணரும் விளக்கவில்லை. "பாம்பு கணக்கா இருக்கா அந்த ஜப்பான்காரி. நீ காலுக்குப் பாய்ஞ்சா உன் முதுகுக்கு வந்துருவா. அவ அசரட்டும்னு இவ நிக்கிறா." அசந்தார், கண் மூடித் திறப்பதற்குள் 3-2. பக்கத்து வீட்டுப் பையனின் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்த அத்தை அந்தப் பையனையே ஒரு பிடி பிடித்துவிட்டார். அன்றைக்கே இன்னும் இரண்டு ஜெயம். இந்தியப் பெண் ஒருத்தி ஒலிம்பிக் மல்யுத்த இறுதிச் சுற்றுக்குப் போனது அதுவே முதல் முறை.

மறுநாள் நடந்தது உங்களுக்கும் தெரியும். இறுதிச் சுற்றன்று காலையில் மறுபடி எடை பார்க்க வேண்டும் என்பது விதி. 100 கிராம் கூடுதல். போயிற்று! முந்தின நாள் ஜெயித்ததெல்லாம் சேர்த்துப் போயிற்று. பட்டியலில் கடைசி இடம்.

அத்தையின் தகப்பனார், அதாவது என் தாத்தா, பலசரக்குக் கடை வைத்திருந்தவர். படிக்கல்லோடு வளர்ந்த பெண் அத்தை. செய்தியைக் கேட்டதும் அடுக்களைக்குள் போய், தராசில் 100 கிராம் துவரம் பருப்பை நிறுத்து, உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு வந்தார். "மூணு பலங்கூட இல்லையேய்யா!" என்றார். அதை நெடுநேரம் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மத்தியானம் சாப்பிடவில்லை. ராத்திரி தூங்கவில்லை.

ஊரெல்லாம் சதி என்றும் அநியாயம் என்றும் கொதித்தபோது அத்தை சேர்ந்து கொதிக்கவில்லை. "படிக்கல் எல்லாருக்கும் ஒண்ணுதான். நம்ம புள்ளைக்கு மட்டும் எங்கப்பா தேய்ஞ்ச கல்லைப் போட்டிருந்தா கடையை மூடியிருக்கணும்" என்றார். விதியில் குற்றம் இல்லை. ஆனால் வயிற்றில் சோறு இறங்கவில்லை. இரண்டும் ஒரே மனுஷிக்குள். டெலிவிஷனில் அன்றைக்கு மணிக்கணக்காகப் பேசியவர்கள் யாரும் இதைச் சொல்லவில்லை.

'அம்மா சாப்பிடவில்லை, தூங்கவில்லை' என்ற தகவல்தான் பெங்களூருக்குப் போயிற்று. மல்யுத்தத்துக்குத் தடை விழுந்தது இப்படி.

இனி நாதஸ்வரம். அத்தைக்கு எட்டு வயதிலேயே, 1956-இல், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை காலமாகிவிட்டார். ஆகவே அந்தத் தோடியை அத்தை கேட்டதெல்லாம் இசைத்தட்டில்தான். பிள்ளையவர்களின் சீடர் காருகுறிச்சி அருணாசலம். 1962-இல் 'கொஞ்சும் சலங்கை' படத்தில் அவருடைய நாதஸ்வரமும் எஸ். ஜானகியின் குரலும் போட்டி போட்டுக்கொண்டு போகுமே, அது ரேடியோவில் வந்தால் அத்தையின் வீட்டில் அடுப்பை அணைத்து விடுவார்கள். குழம்பு கொதிக்கிற சத்தம் இடைஞ்சலாம். காருகுறிச்சியாரும் 1964-இல் போய்விட்டார். "நான் ஆசைப்பட்டவங்க எல்லாம் சீக்கிரம் போயிடுவாங்கய்யா. அதான் உங்க மாமா மேல நான் ரொம்ப ஆசைப்படலை. எம்பது வரைக்கும் இருந்தாரு" என்று சிரிக்கிறார்.

நாதஸ்வரத்தில் பிடித்தது என்ன என்று கேட்டேன். ராகம், பாவம் என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "நிக்கிறது" என்றார்.

கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு வித்துவான் அசையாமல் நிற்கிறாரே, அந்தக் கார்வையைச் சொல்கிறார். சுவாமி புறப்பாட்டில் மல்லாரி முடிந்து, தெரு முக்கில் தீவட்டி நிற்க, கூட்டம் நிற்க, ஒரே ஒரு ஸ்வரம் மட்டும் மாடி மேலெல்லாம் ஏறிப் போய்க்கொண்டே இருக்கும். ஆச்சா மரத்துக் குழலும் நாணல் சீவாளியும் வீணையைப் போலத் தேய்ந்து மறையாது. மூச்சு உள்ள வரைக்கும் முழு நாதம். திறந்த வெளிக்கென்றே ஏற்பட்ட வாத்தியம் அது. கூடத்தில் வைத்துக் கேட்டுவிட்டுச் சத்தம் என்று குறை சொல்வது, தேரை வீட்டுக்குள் இழுத்துவிட்டு இடிக்கிறது என்பது மாதிரி.

இப்போது காதுக் கருவிக்கு வருகிறேன். கருவி வந்து இரண்டாவது மாதம் உறவில் ஒரு கல்யாணம். அத்தை மேளத்துக்குப் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். வித்துவான் ஆலாபனையைத் தொடங்கி அரை நிமிஷம் ஆகவில்லை, அத்தை எழுந்துவிட்டார். "சீவாளி சரியில்லை, சுரம் நடுங்குது" என்று உரக்கவே சொல்லிவிட்டார். வித்துவானோ நல்ல தேர்ச்சி உள்ளவர். ஒரு குறையும் இல்லாமல்தான் வாசித்துக்கொண்டிருந்தார். பாவம், அவர் முகம் சுண்டிப் போயிற்று. உறவினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொண்டார்கள். 'வயசாயிடுச்சு, இனிமே என்ன சங்கீதம்' என்று அன்றே தீர்ப்பும் எழுதியாயிற்று. அத்தையும் அதை நம்பத் தொடங்கிவிட்டார். தியானப் புல்லாங்குழல் உள்ளே வந்தது அதற்குப் பிறகுதான்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. அடுத்த வீட்டில் தாளிக்கிறது கடுகா சீரகமா என்று ஓசையிலேயே சொல்லக்கூடியவர் சுருதி தெரியாமல் பேசுவாரா? செவித்திறன் நிபுணர் ஒருவரிடம் அழைத்துப் போனேன். அந்த அம்மையார் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கச்சேரிக்குப் போகிறவர் என்று கருவி வாங்கும்போது சொன்னீர்களா?" என்றார். யாரும் சொல்லவில்லை. யார் சொல்வது? அத்தையைத்தான் யாரும் கேட்கவில்லையே!

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். வீட்டில் காதுக் கருவி போட்ட பெரியவர்கள் இருந்தால் கவனித்துப் படியுங்கள். இந்தக் கருவிகளைப் பொதுவாகப் பேச்சைக் கேட்பதற்கென்றே பழக்கி வைத்திருக்கிறார்கள். ஓசையை வாங்கும் வாயும் வெளியே விடும் வாயும் அருகருகே இருப்பதால், விட்ட ஓசையே திரும்ப உள்ளே புகுந்து 'கீ' என்று ஊளையிடும். கல்யாண மண்டபத்து மைக் செய்கிற அதே சேஷ்டை. இதை அடக்க, கருவிக்குள்ளேயே ஒரு காவல்காரன் உண்டு. மாறாமல் நீண்டு நிற்கும் ஓசை எதுவானாலும் 'இது ஊளைதான்' என்று முடிவு கட்டி அதைக் கலைக்கப் பார்ப்பான். பேச்சில் அப்படி நீளமான ஓசை இல்லாததால் தொந்தரவு இல்லை. நாதஸ்வரத்திலோ கார்வைதான் உயிர்! அத்தை எதை 'நிக்கிறது' என்று ஆசைப்பட்டாரோ, அதையே திருடன் என்று பிடித்து உலுக்கியிருக்கிறான் இந்தக் காவல்காரன். சுரம் நடுங்கியது உண்மை. நடுங்கியது கருவிக்குள். போதாக்குறைக்கு, பெரிய ஓசைகளை அமுக்கிச் சின்னதாக்கும் வேலையையும் கருவி செய்கிறது. தவிலின் கனம் அதில் போய்விட்டது.

பரிகாரம் உண்டா? உண்டு. பல கருவிகளில் இசைக்கென்று தனியாக ஓர் அமைப்பு வைத்துக்கொள்ளலாம். அதில் அந்தக் காவல்காரனைத் தூங்கப் போடலாம், அமுக்கலையும் குறைக்கலாம். அம்மையார் முக்கால் மணி நேரம் செலவழித்துச் செய்து கொடுத்தார். அங்கேயே கைபேசியில் ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை வைத்தேன். அத்தை கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "நிக்குதுய்யா" என்றார்.

பூரண குணம் என்று சொல்ல மாட்டேன். தவில் இன்னமும் 'டால்டா டப்பாவில் தட்டுகிற மாதிரி' இருக்கிறதாம். இழந்த செவியைக் கருவி திருப்பித் தராது. ஆனால் வயசையும் கருவியையும் போட்டுக் குழப்பி, கச்சேரியே வேண்டாம் என்று ஆக்கியிருந்தார்களே, அது தவிர்ந்தது. கல்யாணத்தில் மனம் நோகப் பேசிவிட்ட அந்த வித்துவானைத் தேடிப் பிடித்து, வெற்றிலை பாக்கு பழத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தார் அத்தை. அவர் அங்கேயே உட்கார்ந்து அரை மணி வாசித்துக் காட்டினாராம். எனக்கு அழைப்பு இல்லை.

குல்ஃபி விஷயத்தில் அத்தையின் கட்சியில் நான் முழுசாகச் சேர முடியாது. சர்க்கரை என்பது விளையாட்டு அல்ல. ஆனால் அதிலும் அத்தைக்கு ஒரு ஞானம் இருக்கிறது.

குல்ஃபிக்காரர் மண்பானைக்குள் ஐஸையும் உப்பையும் சேர்த்துப் போடுகிறாரே, ஏன் தெரியுமா? வெறும் ஐஸ் பூஜ்யம் டிகிரியோடு நின்றுவிடும். இனிப்புச் சேர்ந்த பால் அதில் உறையாது. உப்புச் சேர்ந்தால் ஐஸ் உருகும். உருகுவதற்கு வேண்டிய சூட்டைச் சுற்றிலும் உள்ளதிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். குளிர்ச்சி பூஜ்யத்துக்குக் கீழே 21 டிகிரி வரைக்கும் இறங்கும். மரவாளிக்குள் தகர டப்பாவை வைத்து, சுற்றிலும் ஐஸும் உப்பும் போட்டுக் கையால் சுழற்றும் ஐஸ்கிரீம் பொறி இருக்கிறதே, அதற்கு 1843-இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியவர் நான்ஸி ஜான்சன் என்ற ஒரு பெண்மணி. அத்தைக்கு இதைச் சொன்னேன். "பின்ன? ஆம்பளையா வந்து பால் காய்ச்சினான்?" என்றார்.

ஐஸ்கிரீமைக் கடைந்துகொண்டே உறைய வைப்பதால் காற்று உள்ளே போகிறது. குல்ஃபியைக் கடைவதில்லை, சுண்டக் காய்ச்சிய பாலை அப்படியே அச்சில் ஊற்றி உறைய வைக்கிறார்கள். அதனால்தான் அந்தக் கனம். ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் 525 கிராமாவது இருக்க வேண்டும் என்கிறது நம் நாட்டு உணவு விதி. ஒரு லிட்டர் பால் ஒரு கிலோவுக்கு மேல் நிற்கும் என்பதை நினைத்துப் பாருங்கள்! மிச்சம் எல்லாம் காற்று. பலசரக்குக் கடைப் பெண்ணுக்கு இதைக் கேட்டதும் வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! "லிட்டர் கணக்குல விக்கிறாங்களா? நிறுத்துல்ல விக்கணும்!" இன்னொன்று: பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெய்க் கொழுப்பைச் சேர்த்துச் செய்தால் அதை ஐஸ்கிரீம் என்று போட முடியாது, 'ஃப்ரோசன் டெஸர்ட்' என்றுதான் போட வேண்டும். அட்டையின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். அத்தைக்கு அந்த எழுத்தை வாசிக்கத் தெரியாது. ஒரு கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போவார். திரும்பி வரும்போது பால் ஆகியிருந்தால் சரி. நுரை நுரையாக அப்படியே உட்கார்ந்திருந்தால், "இது மாவுச் சோப்பு" என்று தள்ளிவிடுவார்.

ஜிகர்தண்டாவில் இவ்வளவு ஆராய்ச்சி இல்லை. பாதாம் பிசின் முதல் நாள் இரவே ஊறியிருக்க வேண்டும், பால் சுண்டியிருக்க வேண்டும், நன்னாரி சர்பத் அளவோடு விழ வேண்டும். அப்புறம் யாரும் பேசக் கூடாது. அவ்வளவுதான்.

மச்சானோடு இந்த மூன்றையும் பற்றிப் போனில் ஒன்றரை மணி நேரம் பேசினேன். நாதஸ்வரத்துக்கு உடனே சம்மதம். கருவியின் கோளாறு என்று தெரிந்ததும் அவருக்குக் குரலே தழுதழுத்துவிட்டது. மல்யுத்தத்துக்கு ஒரு நிபந்தனை: போட்டி எதுவானாலும் சாப்பிட்டுவிட்டுத்தான் பார்க்க வேண்டும். குல்ஃபிதான் இழுபறி. கடைசியில் மூன்று பேருமாக டாக்டரிடம் போனோம். அவர் அத்தையின் ரிப்போர்ட்டை எல்லாம் புரட்டிவிட்டு, "சர்க்கரை கட்டுக்குள் இருக்கிற வரைக்கும் வாரம் ஒரு நாள், பாதிக் குச்சி. அன்றைக்குச் சோற்றில் ஒரு கை குறைய வேண்டும்" என்று தீர்ப்புக் கொடுத்தார். (இது என் அத்தைக்குச் சொன்னது, வாசகர்களே! உங்கள் வீட்டு அத்தைக்கு அவருடைய டாக்டரைக் கேளுங்கள்.)

அத்தை மறு பேச்சுப் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரவு சந்துக்குள் மணிச் சத்தம் கேட்டதும் தராசோடு வாசலுக்கு வருகிறார். குச்சியை நடுவில் வெட்டி இரு தட்டிலும் வைத்து நிறுக்கிறார். ஒரு தட்டுத் தாழ்ந்தால் கத்தியால் ஒரு சீவல் சீவி அடுத்த தட்டில் வைக்கிறார். குல்ஃபிக்காரர் வியாபாரத்தை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கிறார். ஒரு பாதி அத்தைக்கு என்பதில் தகராறு இல்லை. மறு பாதி உருகிக்கொண்டிருக்கிறதே, அதை என்ன செய்வது என்று டாக்டர் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் தனக்கு என்கிறான், கைபேசி அவனுடையதாம். மச்சானோ இந்த மாதம் முழுக்க ஒரு ஞாயிறு தவறாமல் பெங்களூரிலிருந்து ரயிலேறி வந்துகொண்டிருக்கிறார்.